டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கணும்? பழைய பென்ஸும் பெரியப்பாவின் நோட்டும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடில் சர்வர் மானிட்டரிங் பத்திப் பேசினோம். இந்த வாரமும் மானிட்டரிங்தான், ஆனா சர்வர் இல்லை, ஒரு கார். 1996 மாடல் மெர்சிடிஸ் ஈ220. டபிள்யூ124ன்னு சொல்ற பாடி. மெர்சிடிஸ் 1994ல் இந்தியாவில் கம்பெனி ஆரம்பிச்சு, 1995ல் புனேயில் இருந்து வெளியே விட்ட முதல் கார் இந்த டபிள்யூ124தான். அதனால இன்னைக்கும் நம்ம ஊர்ல இது அங்கங்கே ஓடிக்கிட்டு இருக்கு. எங்க பெரியப்பா ரிட்டயர் ஆன கையோட செகண்ட் ஹேண்டில் ஒண்ணு வாங்கினார். அவருக்கு அது கார் இல்லை, வீட்டில் ஒரு ஆள்.

அந்தக் காரால எனக்கும் அவருக்கும் ரெண்டு மாசம் சரியா பேச்சு வார்த்தை இல்லை. காரணம், டெம்பரேச்சர் முள்.

கதை இதுதான். ஒரு நாள் அவரோட ஈசிஆரில் போறேன். மீட்டரைப் பார்த்தா, 40, 80, 120ன்னு எண் போட்டிருக்கிற அந்தச் சின்ன டயலில் முள் 60கிட்ட நிக்குது. முக்கால் மணி நேரம் ஓட்டியாச்சு, இன்னும் 60தான். "பெரியப்பா, இது தப்பா தெரியுதே"ன்னேன். அவர் சிரிச்சார். "தம்பி, வண்டி அவ்வளவு கூலா ஓடுது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையே கழட்டிட்டார். நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லையாம்."

இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா சூடே ஆகாதுங்கிறது நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் ரொம்ப நாளாக இருக்கிற வைத்தியம். ஏன் தப்புன்னு பார்ப்போம்.

தெர்மோஸ்டாட்ங்கிறது உள்ளே மெழுகு வச்ச ஒரு வால்வு. இன்ஜின் குளிர்ச்சியா இருக்கும்போது மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்குள்ளேயே சுத்தும், சீக்கிரம் சூடாகும். இந்த இன்ஜினில் 87 டிகிரி வந்ததும் மெழுகு விரிஞ்சு வால்வைத் திறக்க ஆரம்பிக்கும். முழுசா திறக்க அதுக்கு மேல இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகும். அதாவது அந்த இன்ஜினை டிசைன் பண்ணவங்க அது 90 டிகிரி பக்கத்தில் ஓடணும்னு நினைச்சுத்தான் எல்லாத்தையும் அளந்து வச்சிருக்காங்க.

60ல் ஓடினா என்ன ஆகும்? இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கூலன்ட் சென்சார் "இன்னும் சூடாகல"ன்னு சொல்லும். அது பெட்ரோலைக் கொஞ்சம் கூடவே விடும். ஆயிலுக்குள்ள சேர்ற ஈரம் ஆவியாகிப் போகாது. ஆயில் கெட்டியா இருக்கும், தேய்மானம் கூடும். ஒரே நாளில் எதுவும் உடையாது. அதனாலதான் யாருக்கும் இது தப்புன்னு தெரியறதில்லை. பெரியப்பாவும் மைலேஜ் குறைவுன்னு ரொம்ப நாளா புலம்பிக்கிட்டுத்தான் இருந்தார். ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கல.

நான் என்ன பண்ணேன்னா, 87 டிகிரி தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்கி, வேற ஒரு மெக்கானிக்கிட்ட மாட்டச் சொன்னேன். பழைய கூலன்டை இறக்கினா காவி கலர்ல வந்தது. பாதிக்குப் பாதி போர்வெல் தண்ணி. அதையும் சுத்தம் பண்ணி, கம்பெனி அங்கீகாரம் உள்ள கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரி பாதி கலந்து ஊத்தினோம்.

மறுநாள் பெரியப்பா போன். குரலே மாறிப் போச்சு. "கத்திப்பாரா சிக்னல்ல முள்ளு 100ஐத் தாண்டிடுச்சு. நீ வண்டியைக் கெடுத்துட்ட. தண்ணி 100ல கொதிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நியாயமான பயம்தான். ஸ்கூல்ல படிச்சதைத்தான் அவர் சொல்றார். ஆனா ரேடியேட்டருக்குள்ள ரெண்டு விஷயம் மாறுது. ஒண்ணு, கூலன்ட். எத்திலீன் கிளைகாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தா, திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரெண்டாவது, அழுத்தம். மூடி அந்த சிஸ்டத்தை பிரஷர் குக்கர் மாதிரி ஆக்குது. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தாலே அந்தக் கலவையோட கொதிநிலை 125ஐத் தாண்டிடும். அதனால டிராஃபிக்கில், ஏசி போட்டு, மே மாச வெயிலில் 100, 105ன்னு முள் போறது இந்தக் காருக்கு இயல்பு. 100க்கு மேல ஏறினதும் முன்னாடி இருக்கிற எலெக்ட்ரிக் ஃபேன் வேகமா சுத்தும், முள் இறங்கும். அது ஏறி இறங்குறதுதான் ஆரோக்கியம்.

இதெல்லாம் சொன்னேன். அவர் கேக்கல. "முன்னாடி 60, இப்ப 105. இதுல எது நல்லதுன்னு சின்னப் பிள்ளை கூடச் சொல்லும்"னார். அதோட போனை வச்சுட்டார். பெரியம்மாதான் நடுவுல தூது.

இங்க ஒரு இடைவெட்டு. இதே காலத்து வேற சில சொகுசுக் கார்களில் இந்தச் சண்டையே வந்திருக்காது. பிஎம்டபிள்யூ ஈ46, ஈ39 எடுத்துக்கோங்க. அதில் முள்ளை மென்பொருள் பிடிச்சு வச்சிருக்கும். கூலன்ட் சுமார் 75ல் இருந்து 115 வரைக்கும் எங்க இருந்தாலும் முள் நட்டநடுவில் அசையாம நிக்கும். முள் ஆடினா வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு வந்து நிப்பார், அதைத் தவிர்க்கத்தான். நாங்க டேஷ்போர்டில் சராசரி மட்டும் காட்டுறோம் இல்லையா, அதே தந்திரம். மனசுக்கு நிம்மதி. ஆனா முள் நடுவை விட்டு நகரும்போது ஏற்கெனவே தாமதம். உண்மையான எண் வேணும்னா மீட்டருக்குள்ள இருக்கிற மறைவான டெஸ்ட் மெனுவையோ, ஸ்கேனரையோதான் தேடணும். பென்ஸ் டபிள்யூ124 அப்படிப் பூசி மெழுகாது, உள்ளதைச் சொல்லும். உண்மையைச் சொல்ற மீட்டரைப் படிக்கப் பழகணும், அவ்வளவுதான்.

சரி, பெரியப்பாவுக்கு வருவோம். ஒரு ஞாயித்துக்கிழமை நேரா வீட்டுக்கே போனேன், ஒரு நாற்பது பக்க நோட்டோட. "பெரியப்பா, நான் சொல்றதை நம்ப வேண்டாம். மூணு வாரம் நீங்களே எழுதுங்க. நாலு கட்டம்: எந்த இடம், வெளியே வெயில் எப்படி, ஏசி உண்டா, முள் எங்க. மூணு வாரத்துக்கு அப்புறமும் தப்புன்னு தோணினா நானே தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தர்றேன்." அவர் மாநில அரசு ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதியே ரிட்டயர் ஆனவர். நோட்டு விஷயத்தில் அவரைத் தோற்கடிக்க முடியாது. அன்னைக்கே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்டார்.

கூடவே மீட்டர் சொல்றது உண்மையான்னும் பார்த்தோம். துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால தெர்மோஸ்டாட் இருக்கிற இடத்தை அளந்தோம். பளபளப்பான அலுமினியத்தை நேரா அளந்தா தப்பா, குறைச்சுக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளக்கணும். முள் 90 காட்டும்போது டேப்பில் 86. உலோகத்தோட வெளிப்பக்கம் உள்ளே இருக்கிற கூலன்டைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும். அதனால மீட்டரை நம்பலாம்னு முடிவு பண்ணோம்.

மூணு வாரம் கழிச்சு நோட்டைப் பார்த்தா அழகா ஒரு படம் கிடைச்சது. காலையில் பீச் ரோடு, ஏசி இல்லாம: 85, 88. ஹைவேயில் 80 கிலோமீட்டர் வேகத்தில்: 88ல் இருந்து 92. மதியம் டிராஃபிக், ஏசியோட: 98ல் இருந்து 106, ஃபேன் போட்டதும் 96. ஒவ்வொரு நாளும் இதேதான். வண்டிக்கு ஒரு பழக்கம் இருக்கு. பெரியப்பாவே சொன்னார்: "எனக்கு பி.பி. பார்க்கிற மாதிரிதான் இது. படிக்கட்டு ஏறினா கூடும், உட்கார்ந்தா குறையும். குறையலைன்னாதான் டாக்டரைப் பார்க்கணும்." நான் ஒரு மாசமா சொல்ல முடியாததை அவர் ஒரு வரியில் சொல்லிட்டார்.

அந்த நோட்டோட கடைசிப் பக்கத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து மூணு விதி எழுதினோம்.

முதல் விதி: சமதளமான ஹைவேயில், காத்து நல்லா அடிக்கும்போதே முள் 100ஐத் தாண்டினா சந்தேகப்படணும். ரேடியேட்டர் அடைப்பு, பாதியில் மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட், தேய்ஞ்ச வாட்டர் பம்ப், இதில் ஏதோ ஒண்ணு.

ரெண்டாவது: டிராஃபிக்கில் 110ஐத் தாண்டி, இறங்காம நின்னா ஏசியை அணைக்கணும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கணும். நமக்கு வேர்க்கும், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்பவும் ஏறினா ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தணும். மூடியை எக்காரணம் கொண்டும் சூட்டில் திறக்கக் கூடாது. அழுத்தம் போன நொடியே உள்ளே இருக்கிறது கொதிச்சு மூஞ்சியில் அடிக்கும்.

மூணாவது விதியை எழுதும்போது பெரியப்பா கேலி பண்ணார். ஓடிக்கிட்டிருக்கும்போது முள் திடீர்னு கீழ விழுந்தா உடனே நிறுத்தணும். "கீழ விழுந்தா சந்தோஷம்தானே தம்பி?"ன்னார். இல்லை. சென்சார் கூலன்டில் முங்கியிருந்தாத்தான் கூலன்டோட சூட்டைச் சொல்லும். கூலன்ட் வெளியே போயிட்டா அது காத்துலயும் ஆவியிலயும் தொங்கும். அப்போ இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும், முள் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும்.

நாலு மாசம் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை மதியம் நான் மீட்டிங்ல இருக்கேன். பெரியப்பா போன். எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "டேய், முள்ளு கீழ விழுந்துடுச்சு. மூணாவது விதி. நிறுத்திட்டேன். சரிதானே?"

அச்சிறுபாக்கம் தாண்டி, திண்டிவனம் பக்கமா, தனியாப் போய்க்கிட்டிருந்தார். முள் 90ல் இருந்து 100க்கு ஏறி, ஒரு நிமிஷத்துக்குள்ள 70க்கு இறங்கியிருக்கு. பழைய பெரியப்பாவா இருந்தா "அப்பாடா, கூல் ஆயிடுச்சு"ன்னு திண்டிவனம் வரைக்கும் ஓட்டியிருப்பார். பானெட்டைத் திறந்தா மேல் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப் பக்கத்தில் கிழிஞ்சு, கூலன்ட் மொத்தமும் ரோட்டில்.

இந்த இன்ஜினில் பிளாக் இரும்பு, மேல இருக்கிற ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாம சில கிலோமீட்டர் ஓடினாலே ஹெட் வளையும், கேஸ்கட் போகும். அந்த வயசு வண்டிக்கு அந்தச் செலவைப் பார்த்துட்டு, பல பேர் காரையே எடைக்குப் போட்டுடுவாங்க. ரெக்கவரி வண்டியில் ஏத்தி வந்து, ஹோஸ் மாத்தி, பிரஷர் டெஸ்ட், கம்ப்ரெஷன் டெஸ்ட் எல்லாம் பார்த்தோம். ஒண்ணும் ஆகலை. செலவு ஹோஸுக்கும் கூலன்டுக்கும் ரெக்கவரி வண்டிக்கும்தான்.

இப்போ என் தப்பைச் சொல்லணும். அந்தக் காரில் கூலன்ட் குறைஞ்சா எரியறதுக்குன்னே ஒரு விளக்கு உண்டு. அன்னைக்கு அது எரியலை. பார்த்தா பல்பு எப்பவோ போயிருக்கு. சாவியைத் திருப்பினதும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடி, எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரியணும். எது எரியலையோ அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். மாசக்கணக்கா அந்தக் காரில் உட்கார்ந்து முள்ளைப் பத்தி பாடம் எடுத்த நான், அதை ஒரு தடவை கூடக் கவனிக்கலை. ஆபீஸ்ல அலர்ட் வரலைன்னா, எல்லாம் நல்லா இருக்குன்னு நினைக்காதே, அலர்ட்டே வேலை செய்யுதான்னு பாருன்னு ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான்.

உங்க வீட்டில் பழைய கார் இருந்தா இந்த வாரம் மூணு வேலை பண்ணுங்க. சாவி போட்டதும் எந்த விளக்கு எரியலைன்னு பாருங்க. இன்ஜின் ஆறினப்புறம் கூலன்ட் அளவைப் பாருங்க, ஹோஸ்களை விரலால அழுத்திப் பாருங்க: ரொம்பக் கொழகொழன்னு இருந்தாலும், வெடிப்பு தெரிஞ்சாலும் மாத்திடுங்க. மூணாவதா, ஒரு நோட்டு வாங்குங்க. அடுத்தவர் காரில் முள் எங்க நிக்குதுன்னு கேக்கிறதைவிட, உங்க காரில் தினம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது மேல்.

பெரியப்பாவோட நோட்டில் இப்போ நாலாவது விதி ஒண்ணு இருக்கு. அவரே எழுதினது: "சாவி போட்டதும் விளக்குகளை எண்ணவும். தம்பி சொல்ல மறந்தது." அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையை வேணும்னேதான் அடிக்கோடு போட்டு வச்சிருக்கார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.