சேறு எழுதிவைத்த மழைக்கணக்கு

பூமியின் கடந்த காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார் தலைவர். பூமிக்கு வயது 450 கோடி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

சேற்றிலிருந்தே தொடங்குகிறேன். பந்திங், கோல லங்காட் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள் கை தூக்குங்கள். அடடா, பாதி மண்டபம்! அப்படியென்றால் தானா கம்புட் என்கிற சதுப்புக் கரிமண் உங்களுக்குத் தெரியும். ஈரத்தில் முழங்கால் வரை இழுக்கும். காய்ந்து தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும். அந்த மாதிரி மண்ணில் செம்பனை நடுவதற்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த கைகளில் நம் கைகளும் உண்டு. வெட்டச் சொன்னவன் கூலி கொடுத்தான். அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னானா?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் வேலை. தண்ணீர்மேல் குமிழி எழுவதைப் பார்த்தே, "இன்றைக்கு அடியில் நல்ல சூடு ஐயா" என்பார். அந்தக் குமிழியில்தான் மீத்தேன் இருக்கிறது; சதுப்புச் சேற்றிலிருந்து வருவதும் அதேதான். மூக்கைப் பிடிக்கவைப்பது அதுவல்ல, கூட வருகிற கந்தக வாயு. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. சத்தமில்லாமல் வந்து பூமியைச் சூடாக்கும்.

அந்த மீத்தேனில் உள்ள கார்பனில் 12, 13 என்று சிதையாத ஐசோடோப்பு இரண்டு உண்டு. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் கொஞ்சம் பூசினாற்போல இருப்பானே, அப்படி. சேற்று நுண்ணுயிர் இலேசானவனைத்தான் அதிகம் இழுக்கும். அதனால் சதுப்பு மீத்தேன் இலேசு, எரிவாயுக் கிணற்று மீத்தேன் கனம், காட்டுத்தீயில் வருவது இன்னும் கனம். 2007 தொடங்கி உலகக் காற்றில் மீத்தேன் மறுபடி ஏறுகிறது, அதன் கார்பனோ இலேசாகிக்கொண்டே போகிறது. ஏற்றத்தில் பெரும்பங்கு சதுப்பு, மாடு, குப்பைமேடு வழியாக வருகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

இதே கனக்கணக்கைப் பழைய மண்ணில் போட்டுப் பார்த்தவர் ஒரு தமிழர். பேராசிரியர் ரெங்கசாமி ரமேஷ். இந்தப் பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். ஒரே ஒரு கை. அதுவும் மின்விசிறியைக் கூட்டச் சொல்கிற கை!

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். யானைகளை ஆராயும் ராமன் சுகுமாரும் அவரும் இன்னும் இருவரும் நீலகிரிச் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். வறட்சி தாங்கும் வெப்பநாட்டுப் புல்லுக்கு ஒரு கார்பன் கணக்கு, ஈரம் தேடும் மரஞ்செடிக்கு வேறு கணக்கு. எந்த அடுக்கில் எது மிகுதி என்று அளந்து, 20,000 ஆண்டு மழையின் ஏற்ற இறக்கத்தை 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பனியுகத்தின் உச்சத்தில் ஊட்டி மலை காய்ந்து கிடந்தது என்று சொன்னது சேறு! ரமேஷுக்கு 1998-இல் பட்நாகர் விருது. 2007-இல் வந்த ஐ.நா. பருவநிலை அறிக்கையின் தொல்பருவநிலை அத்தியாயத்தை எழுதிய முதன்மை ஆசிரியர்களில் ஒருவர். 2018-இல் மறைந்தார். இதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறீர்கள்?

சில பேர் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், பிரிக்பீல்ட்ஸ் என்று சத்தியமாகச் சொல்லமாட்டேன். எதைச் சொன்னாலும், "இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்பார்கள். ஐசோடோப்பையும் சொல்லிவிட்டார்களாம்! சொன்னவருக்கு ஒரு பொன்னாடை, தலையாட்டியவருக்கு ஒரு பொன்னாடை. பச்சைச் சால்வை ஒன்று நாலு மேடை ஏறி இறங்கி, முதலில் போர்த்தியவர் தோளுக்கே திரும்பி வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். முன்னோர் சொன்னது இருக்கட்டும் ஐயா, நீங்கள் எந்த மண்ணை அளந்தீர்கள்?

எங்கே விட்டேன்? சேறு. நம் கடலோரச் சதுப்பும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம்தான். சதுப்பு மீத்தேன் விடுகிறதே, வடித்துவிட்டால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். வடித்தால் மண்ணில் இருக்கிற கார்பன் கரியமில வாயுவாகப் போகும், வெட்டிய கால்வாயிலிருந்து மீத்தேனும் வரும், கணக்கும் அழியும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கிள்ளானைக் கேளுங்கள். 2005 ஆகஸ்ட்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தில் போர்ட் கிள்ளானில் அவசரநிலையே போட்டார்கள்.

2021-இல் கோல லங்காட் வடக்குச் சதுப்புக் காட்டில் 500 ஹெக்டேருக்கு மேல் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட செய்தி வெளியே வந்தது. தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்தார்கள், ஊர் சேர்ந்துகொண்டது, செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. வாய் திறந்தால் நடக்கிறது!

அதனால் அடுத்த கூட்டத்துக்கு மாலையும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பஸ் பிடிப்போம். ராஜா மூசா காட்டில் கால்வாயை அடைத்து, எரிந்த சதுப்பில் பொதுமக்களும் சேர்ந்து மரம் நடுகிறார்கள். நம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அங்கே போகட்டும். வேதியியல் புத்தகத்தில் படித்த கார்பனைக் காலால் மிதித்துப் பார்க்கட்டும். குட்டைக்காரப் பெரியவர் முன்சீட்டில் உட்காரட்டும், குமிழியைப் பற்றி அவர் பாடம் நடத்தட்டும். முதல் நூறு வெள்ளி என்னுடையது. தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்த்தது போதும், உங்கள் பங்கு எவ்வளவு?