புகையில்லாத தணல்

டில்லியில் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டால் நம்மவர் வீடுகள் சிலவற்றிலும் அங்கீட்டி வந்து அமர்ந்துவிடுகிறது. நம் ஊர்க் குமுட்டி அடுப்பின் வடநாட்டு உறவினன் அது. திறந்த முற்றத்தில் அதைச் சுற்றி அமர்ந்து குளிர்காய்வது வேறு. கைக்குழந்தைக்குக் குளிருமே என்று இரவில் அதைப் படுக்கையறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உறங்குவது உயிருக்கே உலை வைப்பதாகும்.

அறிவிப்புகளைத் தமிழாக்கும் எம்போன்றோர்க்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ‘காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துக’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் புகை வந்தால் சன்னலைத் திறக்க வேண்டும் என்றே தாய் அதைப் பொருள் கொள்வாள். புகை அடங்கித் தணல் சிவந்ததும் அபாயம் நீங்கியதாகக் கருதுவாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளையை நீராட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி வளர்த்தவர்கள் நாம். கண்ணைக் கரிப்பதே புகை என்பது நம் அனுபவம்.

கரி போதிய பிராணவாயுவின்றி எரிகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; கண்ணையும் கரிக்காது. பள்ளியில் நாம் படித்த கரியமில வாயு வேறு, இது வேறு. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. குழந்தைகள் நம்மைவிட விரைந்து மூச்சு விடுவதால் அவர்கள் உடலில் நஞ்சு விரைவில் ஏறுகிறது. தலைவலி, மயக்கம், வாந்தி, சோர்வு ஆகியன அறிகுறிகள். பச்சிளங்குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லுமா? துவண்டு கிடக்கும், கதகதப்பில் நன்றாக உறங்குகிறது என்று நாம் மகிழ்ந்திருப்போம். கருவிலுள்ள சிசுவுக்கும் இந்த அபாயம் உண்டு.

ஆகவே எழுத வேண்டிய வாசகம் இதுதான்: ‘தணல் உள்ள அங்கீட்டியை உறங்கும் அறையில் வைக்காதீர்கள், புகை இல்லாவிட்டாலும் வைக்காதீர்கள்.’ அருகே நீர் நிறைந்த பாத்திரம் வைப்பதால் இந்த வாயு நீங்காது. சாம்பிராணி போட்ட தணலையும் உடனே வெளியேற்றிவிட வேண்டும். காற்றுப்போக்கற்ற குளியலறையினுள் பொருத்திய கேஸ் கீசரும் இதே நஞ்சை உமிழக்கூடும்.

வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், குழந்தையுடன் எல்லோரும் உடனே வெளியேறி, 112 என்ற எண்ணை அழையுங்கள். அறிகுறிகள் வேறு நோய்களையும் ஒத்திருப்பதால், தணல் இருந்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்தி பேசத் தயங்கும் பாட்டிமார்கூட இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: ‘கம்ரே மே அங்கீட்டி ஜல் ரஹீ தீ.’