நாளின் நான்கு நிறங்கள்



காலையும் மாலையும் கவிஞர் பலர் பாடிய பொருள்களே. எனினும், ஒரு நாள் முழுவதையும் இறைவன் திருமேனியிலேயே கண்டவர் காரைக்காலம்மையார்.

அம்மையார் அருளிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. பதினோராந் திருமுறையில் அமைந்தது. அதில் ஒரு வெண்பாவில், சிவபெருமானின் திருமேனிக்கு விடியற்பொழுதையும், திருவெண்ணீற்றுக்கு நண்பகலின் வெண்மையையும், சடைக்கற்றைக்கு அந்திச் செவ்வானத்தையும், திருமிடற்றுக்குச் செறிந்த இருளையும் உவமையாக்குகின்றார்.

மிடற்றின் இருள் யாது? உலகம் உய்யும்பொருட்டு இறைவன் உண்ட நஞ்சின் கறை. ஆதலின் அவ்விருளும் அருளே ஆகும். ஒளி மூன்றோடு நில்லாமல் இருளையும் சேர்த்தமையே அம்மையார் வாக்கின் சிறப்பு.

கணவன் பிரிந்தபின், வனப்புடைய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். திருவாலங்காட்டில், சுடுகாட்டின் நள்ளிருளில், ஐயன் ஆடலைக் கண்டு பாடியவர். இருளுக்கு அஞ்சாதவர்க்கு அதனுள்ளும் இறைவன் புலப்பட்டான். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பியும் ஆடவல்லானின் அடிக்கீழ் அம்மையாரை அமர்த்தி இவ்வுண்மையைக் கல்லில் காட்டினார்.

அந்தியில் விளக்கேற்றி வழிபடுவோர் இதனை நினைதல் வேண்டும். துன்பம் இருளாய்ச் சூழுங்காலத்தும், அது நீலகண்டனின் மிடற்று நிறமே எனத் தெளிந்தார்க்கு அச்சம் இல்லை.

திருச்சிற்றம்பலம்.