மறதியாய் வந்த புற்று



காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதையும், புண் ஆறியதும் அது அடங்கிவிடுவதையும் வீட்டில் மூத்தவர்கள் அறிவர். நோவில்லாமல் வீங்கி, அடங்காமலே நிற்கும் நெறிதான் நிணநீர்ப் புற்றின் வழக்கமான முதல் அடையாளம். அதன் ஒரு வகையை 1832இல் இலண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

ஆனால் அந்நோய் சில வேளைகளில் வேற்றுருக் கொண்டு வரும். கனடா நாட்டில் இயன் கார் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் வாழ்ந்தார். பிறர் உடலின் திசுக்களை நுண்ணோக்கியில் கண்டு நோய் இன்னதென்று சொல்வது அவர் தொழில். அவருடைய பதினைந்து வயது மகளுக்கு நினைவு தவறலாயிற்று. மனம் சோர்ந்தது, இல்லாதன தோன்றின, நடத்தை மாறியது. நம் ஊராயின் பேய்க்கோளாறு என்றோ, பெண்பிள்ளையின் பேர் கெடுமென்றோ கதவைச் சாத்தியிருப்பர். அச்சிறுமிக்கு இருந்ததோ ஹாட்ஜ்கின் புற்று. அதற்கு மருத்துவம் செய்தபின் நினைவு மீண்டது.

1982இல் லான்செட் இதழில் தந்தையே இதனை எழுதினார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் சித்தம் கலங்கும் ஒஃபீலியாவின் பெயரை இந்நோய்க்கு இட்டார். நாடகத்துப் பெண் நீரில் மூழ்கி மாண்டாள். இவர் மகள் பிழைத்தாள். பிழைத்ததனால்தான் அப்பெயரை இட அவருக்குக் கை வந்தது போலும்.

மூளையில் புற்றே இல்லாதபோது மூளை எவ்வாறு கலங்கியது? கட்டியிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருளின் வேலை என்று கார் ஊகித்தார். 2011இல் விடை வேறாகத் தெரிந்தது. இத்தகைய நோயாளர் இருவரின் உடலில், குளுட்டமேட்டை ஏற்கும் மூளைப் புரதம் ஒன்றைத் தாக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. பகைவனை எதிர்க்க எழுந்த படை சொந்த அரண்மனையையே முற்றுகையிட்டது எனலாம். நரம்புயிரணுக்கள் பெரிதும் மடியாமல் முடங்கியே கிடப்பதால், உரிய மருத்துவத்தில் நினைவு திரும்புகிறது.

சிறுமூளை தாக்கப்படும்போது நிலைமை அப்படியன்று. நடை தள்ளாடும், நாக்குக் குழறும். கண்டவர் குடி என்பர். அங்கே உயிரணுக்களே அழிவதால், புற்று தீர்ந்தும் தள்ளாட்டம் தீராதவர் பலர். ஆகவே அதில் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்புடையது.

நெறி மார்பினுள் இருந்தால் கைக்கு அகப்படாது. அதனால்தான் இளவயதினர் ஒருவருக்குக் காரணமின்றி நினைவு தடுமாறும்போது, தேர்ந்த மருத்துவர் தலையைப் படம் பிடிப்பதோடு நில்லாமல் மார்பையும் படம் பிடிக்கச் சொல்கிறார்.