தீயும் சிற்றூரும்



சித்தூர், திருப்பதி என்றவுடன் அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மலையும் கோயிலும் நினைவில் தோன்றுதல் இயல்பே. 1953 வரை சென்னையோடு இணைந்திருந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தமிழ் பேசும் சிற்றூர்கள் அப்பகுதியில் இன்றும் உள. அங்கே கோடையில் ஒரு வைக்கோற்போர் பற்றிக்கொண்டால் அணைப்பவர் யார்? இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

101 என்ற எண்ணை அழைத்தால் தீயணைப்பு வண்டி வரும் என்பது உண்மையே. ஆனால் அது புறப்படும் நிலையமோ பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறது. நமது அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளுக்குரிய பணிகளுள் தீயணைப்பும் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. ஊராட்சிகளுக்குரிய பதினோராவது அட்டவணையிலோ இருபத்தொன்பது பொருள்கள் இருந்தும் அச்சொல் காணப்படவில்லை. சொற்களை எண்ணிப் பார்த்தே பிழைக்கும் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இது சிறிய விடுதலாகத் தோன்றவில்லை. சிலி நாட்டில் 1851-ஆம் ஆண்டு வால்பரைசோ நகரில் தொடங்கிய தீயணைப்புப் படை முதல் இன்று வரை, தீயணைப்போர் ஊதியம் பெறாத தொண்டர்களே.

2014 மார்ச்சில் திருமலையை அடுத்த சேஷாசலக் காடுகள் எரிந்தபோது, வனத்துறையினரும் தேவஸ்தான ஊழியரும் தரையில் போராட, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பெரிய வாளிகளில் நீர் சுமந்து வந்து கொட்டின. செம்மரம் வளரும் மலைக்கு அத்தகைய உதவி வந்தது தக்கதே. ஒரு குடியானவனின் கரும்புக் கொல்லைக்கு ஹெலிகாப்டர் வாராது.

அங்கே முதல் அரைமணி நேரம் ஊராருடையது. வைக்கோற்போரின் மேல் நீரை ஊற்றினால் மேற்புறம் மட்டும் நனையும். உள்ளே கனல் தங்கிவிடும். போரைப் பிரித்துப் பரப்பி நனைத்தல் வேண்டும். அடுத்த கூரையை முன்னரே நனைத்துவிடுதல் அதனினும் முக்கியம். வண்டி வந்த பின்னும் ஊராரின் வேலை தீர்வதில்லை. அதிலுள்ள சில ஆயிரம் லிட்டர் நீர் சில நிமிடங்களில் தீர்ந்துபோம். மீண்டும் நிரப்ப எந்தக் கிணற்றில் நீருண்டு, எந்தத் தெருவில் வண்டி திரும்பும், எங்கே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பவற்றை உள்ளூரார் அல்லாமல் யார் சொல்வர்?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எரியும் இடத்தில் மின்சாரத்தைத் துண்டித்தல் அவசியம். துண்டித்தால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். ஆகவே ஊருக்கு ஒரு டீசல் எஞ்சினாவது வேண்டும். கோயில் திருப்பணிக்கென்று பம்பாயிலிருந்தும் தில்லியிலிருந்தும் பணம் அனுப்பும் அன்பர்கள், அத்தகைய எஞ்சின் ஒன்றும், அதற்குப் பொருந்தும் நீண்ட குழாயும் ஊர்ப்பொதுவில் வாங்கி வைக்கவும் அனுப்பலாம். அவை யார் வீட்டில் இருக்கின்றன, சாவி யாரிடம் உள்ளது என்பதை மட்டும் ஊரார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.