புதுக் காருக்குக் காசில்லாத வேலைகள்

புதுக் கார் வந்து, பூசிய சந்தனம் காய்வதற்குள் யாராவது ஒருவர் கேட்பார்: "முன்னாடி ஒரு கம்பி போட்டுடலாமா?" வேண்டாங்க. புல் பார் என்கிற அந்த இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியை அது நசுங்க விடாது. ஏர்பேக்குக்குத் தகவல் சொல்லும் சென்சாரும் குழம்பிப் போகலாம்.

செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. பக்கக் கண்ணாடியில் பாதிக்கு நம் காரையேதான் பார்த்துக்கொண்டு போகிறோம். அது எங்கேயும் ஓடிவிடாது! தலையை வலது ஜன்னல் பக்கம் சாய்த்து, காரின் ஓரம் இலேசாகத் தெரிகிற அளவுக்கு வலது கண்ணாடியைத் திருப்புங்கள். பிறகு தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து, இடது கண்ணாடியையும் அதேபோல வையுங்கள். பக்கத்தில் மறைந்து வரும் பைக் இப்போது கண்ணில் படும். பழக நாலைந்து நாளாகும்.

பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் முகப்பு விளக்கு மேலே தூக்கி அடிக்கும். அதை இறக்க, பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒரு சிறு சக்கரம் உண்டு. நிறையப் பேர் தொட்டதே இல்லை.

மிதியடி மேல் மிதியடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிதியடி நகர்ந்து ஆக்சிலரேட்டரில் சிக்கும் ஆபத்துக்காகவே 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் பக்கம் ஒன்றே போதும்; அதையும் தரையிலுள்ள கொக்கியில் மாட்டிவிடுங்கள்.