பனி பெய்யும் ஊரில் குடியிருப்பது



பனி என்றால் நமக்கு என்ன? விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது பால்மரத்து இலையிலிருந்து கழுத்தில் சொட்டுகிறதே, அதுதான். குளிர்காலம் என்று ஒன்று நமக்குக் கிடையாது. மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்த்து, பாலும் குறைந்து, கைக்காசும் குறையும் நாட்களைத்தான் அந்தக் காலத்துத் துரைமார் 'விண்டரிங்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஆகவே பனி நாடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினால், "பஞ்சு மாதிரி இருக்குமா சார்? நாள் முழுக்க விளையாடலாமா சார்?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

விழும்போது பஞ்சுதான். விழுந்து கிடக்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

1982ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபின், நம் நாட்டு மாணவர்கள் பலர் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த பையன் ஒருவனும் பின்னாளில் போனான். நீகாத்தா மாநிலத்தில் நாகாவோகா என்னும் நகரில் நான்கு குளிர்காலங்களைக் கழித்தான். விடுமுறையில் வந்தவனைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைத்தோம். அவன் சொன்னதும், நாம் புத்தகங்களில் படித்ததும் சேர்ந்ததே இந்தப் பேச்சு.

சைபீரியாவிலிருந்து புறப்படும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, தன்னைவிட வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரையில் ஏறியதும் மலை மறிக்கிறது. மேலே எழும்பிய காற்று, சுமந்து வந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஆசியாவின் வடபுறத்திலிருந்து வரும் அதே குளிர்க்காற்றின் வேகம் தெற்கே தென்சீனக் கடல்வரை பாய்ந்து வரும் நாட்களில்தான், கிளந்தானிலும் திரங்கானுவிலும் அடைமழை பிடிக்கிறது. அவர்களுக்குப் பனி; நமக்கு வெள்ளம்.

எவ்வளவு பனி? அதே மாநிலத்துத் தக்காதா நகரில் 1945 பிப்ரவரியில் 377 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி கிடந்தது. 12 அடிக்கும் மேல்! நம் பழைய லயத்து வீடு இருந்த இடமே தெரியாது. 1963 சனவரியில் நாகாவோகாவில் 318 சென்டிமீட்டர்.

பிள்ளைகளே, சிலேட்டை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். கிடந்து இறுகிய பனி, ஒரு கனமீட்டர் சுமார் 300 கிலோ எடை இருக்கும். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அது கிடந்தால் எவ்வளவு? 24,000 கிலோ. அதாவது 24 டன். செம்பனைக் குலை ஏற்றிய லாரியைத் தூக்கிக் கூரைமேல் நிறுத்தியதுபோல. முதலில் வீட்டுக்குள் இழுப்புக் கதவுகள் இறுகி, நகர மறுக்குமாம். அப்போது யாராவது மேலே ஏறித்தான் ஆகவேண்டும். மண்வாரியால் பனியை வெட்டிக் கீழே தள்ள வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பலமுறை.

யார் ஏறுவது? இங்கேதான் துயரம் இருக்கிறது. இளையவர்கள் தோக்கியோவுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். ஊரில் கிழவனும் கிழவியும்தான். (இதைக் கேட்டபோது நம் தோட்டங்கள் நினைவுக்கு வந்ததை மறைக்க வேண்டியதில்லை.) 2005ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய குளிர்காலத்தில் ஜப்பானில் பனியால் 152 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிரில் விறைத்துச் செத்தவர்கள் அல்லர். பனி அள்ளும் வேலையில் இறந்தவர்கள். கூரையிலிருந்து விழுந்தவர்கள், சரிந்த பனிக்கு அடியில் அகப்பட்டவர்கள், களைப்பில் மாரடைத்தவர்கள். அதிலும் முதியவர்களே மிகுதி.

அந்தப் பையனின் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. நல்ல வெயிலடித்த ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் தனியே ஏறினார். வெயில் வந்தால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். உண்மையில் பெரும்பனிக்குப் பின் வரும் முதல் வெயில்நாளே பொல்லாதது; கூரையை ஒட்டிய பனி இளகி, பாளம் பாளமாக வழுக்கும். தாத்தாவும் பனியோடு சேர்ந்து விழுந்து மூடுண்டார். சத்தம் போட்டாலும் கேட்காது. பனி ஓசையை விழுங்கிவிடும். பக்கத்துவீட்டு அம்மாள் குப்பை கொட்ட வந்தவர், ஏணி சாத்தியிருக்கிறது, மேலே ஆளைக் காணோமே என்று பார்த்தார். அவர் கூப்பிட்டு நாலுபேர் ஓடிவந்து தோண்டினார்கள். இடுப்பெலும்பு முறிந்தாலும் உயிர் பிழைத்தார்.

தனியே ஏறாதே என்பதே அங்கு முதற்பாடம். இடுப்பில் கயிறு, தலையில் காப்புத் தொப்பி, ஏணியைக் கட்டி நிறுத்துதல், சட்டைப்பையில் கைத்தொலைபேசி. கூரையைத் துடைத்ததுபோல் வழிக்கவும் கூடாது. கொஞ்சம் பனியை விட்டுவைத்தால்தான் கால் வழுக்காது.

தெருவுக்கும் அவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். நம் பட்டணத்துக் கடைகளுக்கு அஞ்சடி இருக்கிறதல்லவா? தக்காதாவில் அதைப்போலவே வீட்டு முகப்பில் கூரையை நீட்டியிருக்கிறார்கள். 'காங்கி' என்று பெயர். அவரவர் சொந்த நிலத்தில் சொந்தச் செலவில் கட்டி, ஊரார் நடக்க விடுவது. எல்லா வீட்டு முகப்பையும் கூட்டினால் 10 கிலோமீட்டருக்கும் மேல் வரும். நாகாவோகாவிலோ, நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் சுமார் 13 பாகை வெப்பம் இருப்பதால், 1960களின் தொடக்கத்திலிருந்து அதைக் குழாய்வழி சாலையில் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த நீரிலுள்ள இரும்பால் சாலையே செம்மண் நிறமாகிவிட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் நிலம் தாழ்ந்துபோகும் என்ற தொல்லையும் உண்டு.

2020 டிசம்பரில் அந்த மாநிலத்து நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 2,100 வண்டிகள் பனியில் சிக்கி, இரண்டு நாள் அளவுக்கு அசையாமல் நின்றன. வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கையில் புகைக்குழாயைப் பனி மூடினால், நச்சுப்புகை வண்டிக்குள் ஏறும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கம்போல் வந்து ஆளை முடித்துவிடும். ஆகவே இயந்திரத்தை நிறுத்திப் போர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் அடிக்கடி இறங்கிக் குழாயைச் சுற்றிப் பனியை வாரிவிட வேண்டும். மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

நீகாத்தாவின் பனி கனம் மிகுந்தது. குளிர் அவ்வளவு கொடிதல்ல. குளிருக்கு வடக்கே ஹொக்கைடோ தீவு. அங்குள்ள அசாஹிகாவாவில் 1902 சனவரி 25ஆம் நாள் பூச்சியத்துக்குக் கீழே 41 பாகை பதிவாயிற்று. அத்தீவில் கடுங்குளிர் இரவுகளில் தூங்கப் போகுமுன் குழாய்களிலுள்ள நீரையெல்லாம் வடித்துவிடுவார்கள். விட்டுவைத்தால் நீர் உறைந்து பருத்துக் குழாயை வெடிக்கச் செய்துவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நீகாத்தாவின் த்சுனான் பகுதியில் கேரட்டைப் பிடுங்காமலே பனிக்கு அடியில் விட்டுவைக்கிறார்கள். மேலே எவ்வளவு குளிரடித்தாலும், பனிப் போர்வைக்குக் கீழே உறைநிலையை ஒட்டியே இருக்கும். உறையாமலிருக்கக் கிழங்கு தன்னிடம் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். இளவேனிலில் தோண்டினால் அப்படி ஓர் இனிப்பாம்.

எதிர்வீட்டுத் தாத்தா மறு ஆண்டும் கூரை ஏறினார். பிடிவாதக்காரர். ஆனால் ஏணியில் கால்வைக்கும் முன் நம் பையனின் கதவைத் தட்டினாராம். அவன் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.